நத்தை விட்டுப் போன ஈரம்

தப்பாக நினைக்காதீர்கள், இந்தத் துண்டை ஜன்னல் கம்பியில் செருகிக்கொள்கிறேன். உங்களுக்காகத்தான். காலை வெயில்தானே, இது என்ன செய்யும் என்று இருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். கறுத்துப் போவதைச் சொல்லவில்லை, கறுத்தால் என்ன, நானும்தான் கறுப்பு. கருகிப் போவதைச் சொல்கிறேன்.

உங்கள் மூக்கோரம் தோல் உரிந்திருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே கண்ணில் பட்டது. என்ன போடுகிறீர்கள்? வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். எவளோ ஒருத்தி போனில் பளபளவென்று வந்து நின்று, கொரியாக்காரிகளுக்கு முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே எப்படி என்று கேட்டிருப்பாள். அவளே பதிலும் சொல்லியிருப்பாள். நீங்கள் அன்றைக்கே ஆர்டர் போட்டிருப்பீர்கள். அது எண்ணெய் வடிகிற முகத்துக்குச் செய்தது அம்மா. உங்களுடையது வறண்ட முகம். இருக்கிற எண்ணெயையும் அது உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. பாவம், உங்கள் முகம் தாகத்தில் கிடக்கிறது.

கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேனோ? கோபம். உங்கள் மேல் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து இருக்கிற கோபம், பக்கத்தில் யார் இருந்தாலும் கொஞ்சம் தெறிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசியில் என் அண்ணன் மகளுக்கு நாளைக் காலையில் முகூர்த்தம். இன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நான் திருநெல்வேலி போய், சென்னைக்கு ரயில் பிடிக்கப் போகிறேன். மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்கு ஊரை விட்டுப் போகிற அத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சங்கரவடிவு. வடிவு என்பார்கள். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கொரியாக் கம்பெனியில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். எங்கள் மேலாளரின் மனைவி பார்க் மேடம். அவருக்குத் தமிழ் என்றால் 'போதும்', 'காரம் வேண்டாம்' அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அரைகுறை ஆங்கிலமும் கைஜாடையும். ஆனால் தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த அம்மாவுக்கு எல்லா மொழியும் வந்துவிடும். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை நிறையக் கொண்டுவருவார். முதல் நாள் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. எதையும் போடுவதற்கு முன்னால் முகத்தைக் கேள்.

முகத்தைக் கேட்பது என்ன பெரிய வித்தையா? ஒன்றுமில்லை. நுரை அதிகம் வராத சோப்புநீரில் முகம் கழுவ வேண்டும். துடைத்துவிட்டு, எதையும் தடவாமல் சும்மா உட்கார வேண்டும். ஒரு காபி போட்டுக் குடிக்கிற நேரம். பிறகு மெல்லிசான டிஷ்யூத் தாளை எடுத்து நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒற்றிப் பார்க்க வேண்டும். தாள் முழுக்க எண்ணெய் ஊறினால் அது ஒரு வகை. நெற்றியும் மூக்கும் மட்டும் ஊறினால் வேறு வகை. தாளில் ஒன்றுமே இல்லாமல், வாயைத் திறந்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா, அது உங்கள் வகை. சும்மா இருக்கும்போதே சிவந்து, அரித்து, எரிந்தால் அதனிடம் மரியாதையாகப் பேச வேண்டும். இவ்வளவுதான். இதற்குக் கொரியா போக வேண்டுமா? நம் வீட்டில் வத்தக்குழம்புக்கு எண்ணெய் எவ்வளவு, ரசத்துக்கு எவ்வளவு என்று தெரியாமலா சமைக்கிறோம்? முகம் என்றால் மட்டும் எல்லாருக்கும் ஒரே டப்பா!

என் அண்ணன் மகள் மீனலோசனி. லோசி. வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து என்னோடுதான் இருந்தாள். போன ஆவணியில் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பிள்ளை லட்சணமா இருக்கா. முகத்துல அந்தப் பருவு மட்டும் கல்யாணத்துக்குள்ள அமந்துரும்லா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். என் மதினி, அதாவது லோசியின் அம்மா, தென்காசிக் கடைத்தெருவில் இருந்த டப்பா அத்தனையையும் வாங்கிவிட்டாள். வெள்ளையாக்குகிற கிரீம் ஒன்று, அதில் என்ன இருந்ததோ கடவுளுக்குத்தான் தெரியும். நான் போன் போட்டு, "மதினி, அவ தோலு என்ன வகைன்னு தெரியாம போடாதிய" என்றேன். மதினி என்ன சொன்னாள் தெரியுமா? "அவ முகத்துக்கு எது நல்லதுன்னு பெத்த எனக்குத் தெரியும் வடிவு."

தெரிந்த லட்சணம்! தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிள்ளையின் கன்னம் அரைத்த மிளகாய் மாதிரி இருந்தது. நான் அழுதேவிட்டேன். அவள் அழவில்லை. "விடுங்க அத்தை, முகம்தானே" என்றாள்.

விடுவேனா?

மறுநாள் காலையே அவளை உட்காரவைத்துத் தாளை ஒற்றினேன். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய், கன்னத்தில் காந்தல். ரெண்டுங்கெட்டான் முகம். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கனமான கிரீமைப் போட்டால் நெற்றியில் பரு பொங்கும், பருவுக்கு அமிலம் போட்டால் கன்னம் வெந்துபோகும். எல்லா டப்பாவையும் தூக்கிப் போட்டேன். சோறு மட்டும் சாப்பிடுகிற பத்தியம் மாதிரி, வெறும் தண்ணீரும் ஒரே ஒரு வல்லாரைக் கிரீமும். ஆமாம், வல்லாரைதான். நம் வாய்க்கால் வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிறதே, அதைக் கொரியாக்காரன் அரைத்து, குழாயில் அடைத்து, அங்கேயிருந்து நமக்கே அனுப்புகிறான். காந்தல் அடங்கிய பிறகு தண்ணீர் போல இருக்கிற ஜெல். பகலில் வெயிலுக்கு ஒன்று. கடைசியில் வடு ஆறுவதற்கு ஒரு சீரம்.

அந்தச் சீரம்தான் விஷயம். அதற்கு வருகிறேன்.

மோதிர விரலால்தான் தடவ வேண்டும். மற்ற விரல்களுக்கு முரட்டுத்தனம் அதிகம் என்பார் பார்க் மேடம். தேய்க்கவே கூடாது, தட்ட வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. ஆபீஸுக்குக் கிளம்புமுன் லோசி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் தட்டுவேன். அவள் முந்தைய நாள் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். கன்னத்தில் தட்டும்போது மட்டும் பேச்சு குழறும், இரண்டு பேரும் சிரிப்போம். தை பிறந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதே நிறம்தான். ஒரு இம்மி வெளுக்கவில்லை. ஆனால் மழை பெய்து ஓய்ந்த செம்மண் மாதிரி அப்படி ஒரு அமைதி.

நான் எதற்கு இவ்வளவும் செய்தேன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். நான் கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவள். புருஷன் உயிரோடுதான் இருக்கிறான், எங்கேயோ நன்றாகவே இருக்கட்டும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் என்னை யாரும் வராதே என்று சொல்ல மாட்டார்கள். அவ்வளவு நாகரிகமானவர்கள். "வடிவு, பந்தியில எலை பத்துமான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்" என்பார்கள். நான் இலையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இங்கே மஞ்சள் பூசி முடிந்திருக்கும். எத்தனை கல்யாணத்தில் எத்தனை இலை பார்த்துவிட்டேன்! அதனால்தான் சொல்கிறேன், லோசிக்கு நலங்கு வைக்கிற வேலையை நான் சென்னையிலேயே, என் வீட்டிலேயே, தினமும் முடித்துவிட்டேன். எவளிடமும் உத்தரவு கேட்கவில்லை.

நேற்று நலங்கு. மதினியிடம் முதல் நாளே சொன்னேன், "மதினி, இப்பதான் ஆறின தோலு. கஸ்தூரி மஞ்சள்ல எலுமிச்சம்பழம் பிழியாதிய. நான் வேணா பயத்தமாவு, சந்தனம் போட்டு மெதுவா கலந்து தாரேன்."

"கலக்கதுக்கு ஆளா இல்ல? அதெல்லாம் சுமங்கலியள் பாத்துக்கிடுவாவ. நீ இந்த எலைக்கட்டு வந்துட்டான்னு..."

இலை! மறுபடியும் இலை!

நான் போகவில்லை. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தியாக வந்து பூசினார்கள். பூசினார்களா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்தார்கள். நான் தட்டித் தட்டி வளர்த்த கன்னத்தை! "ஏட்டி மெதுவா!" என்று நிலையிலிருந்தே கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல காரியத்தில் என் சத்தம் கேட்டதே அவர்களுக்குச் சகுனக் குறை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் தங்கை வந்தாள். காலேஜ் படிக்கிற பிள்ளை, பூவும் சேலையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். கை கழுவப் போனவள் அங்கே இருந்த என் சீரம் பாட்டிலை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வருகிறாள். மூடியைத் திறந்து விரலில் தொட்டு இழுக்கிறாள். நூல் நூலாக வருகிறது. லோசியைப் பார்த்துச் சொல்கிறாள், "ஐய், மதினி, நீங்களும் நத்தை சீரம்தான் போடுதியளா? நானும் இதேதான்!"

வந்திருந்த கூட்டம் முழுக்க லோசியின் முகத்தைப் பார்க்கிறது.

எங்கள் வீடு சைவ வீடு. முட்டை போட்ட கேக்கை வாசற்படி தாண்ட விட மாட்டார்கள். அந்த வீட்டில், மணைமேல், மஞ்சள் பூசின மணப்பெண் முகத்தில் நத்தை!

"நத்தையா?" என்றாள் மதினி. "நத்தைன்னா... இந்த மழைக்குச் செவுத்துல ஊருமே, அதா?" அவளுடைய அக்காவுக்கு ஓங்கரிப்பே வந்துவிட்டது. ஒருத்தி திருநீறைக் கொண்டா என்கிறாள், ஒருத்தி தலையோடு தண்ணீர் ஊற்று என்கிறாள். அந்தச் சின்னப்பெண் முழிக்கிறாள், பாவம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். நடுக்கூடத்துக்கு வந்துவிட்டேன். "நத்தையைக் கொல்லல்ல! அது ஊந்து போகுது, விட்டுட்டுப் போன ஈரத்தை எடுக்கான். நீங்க கட்டியிருக்கது என்ன? பட்டு! எத்தனை புழுவை உசுரோட வேகவச்ச சீலையக் கட்டிக்கிட்டு நத்தையைப் பேச வந்துட்டிய! கோயில்ல சாமிக்குப் புனுகு சாத்துதாவளே, அது என்ன வெள்ளரிக்காயிலயா வருது? பூனைகிட்டருந்துலா வருது!"

இருபது வருஷத்து இலைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அண்ணன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். சிரித்தானா, அழுதானா தெரியவில்லை.

அப்போதுதான் லோசி பேசினாள். சத்தமே இல்லை. மஞ்சள் பூசின முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, அது நத்தையா?"

"அதுக்கென்னட்டி இப்போ? முகம் ஆறிச்சா இல்லியா?"

"பாட்டில்ல பேரே இல்லியே."

இல்லைதான். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டியிருந்த சீட்டை நான்தான் உரித்தேன். மறைத்தேன் என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வீண் பேச்சு எதற்கு என்றுதான். லோசி சின்னப் பிள்ளையிலேயே கோயில் யானை மேல் ஈயைக்கூட அடிக்க விட மாட்டாள். சொன்னால் போட்டுக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியாதா?

"சொல்லியிருந்தா நான் வேண்டாம்னிருப்பேன் அத்தை. அதான் கேக்கலியா?" என்றாள். "முகத்தைக் கேக்கணும், முகத்தைக் கேக்கணும்னிய. என்னைய ஒரு வார்த்த கேக்கலியே."

எப்படிப் பேசுகிறாள் பார்த்தீர்களா? நான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன், "உன் முகத்துக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்ட்டி!"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

லோசி எழுந்து நேரே கொல்லைக் குழாயடிக்குப் போனாள். அங்கே என்ன இருக்கும்? துணி துவைக்கிற சோப்பு. அதை எடுத்துத் தேய்த்தாள். கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி. தேய்த்துக்கொண்டே இருந்தாள். மதினி போய்க் கையைப் பிடித்தாள், உதறிவிட்டாள். நான் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, அத்தனையும் சோப்புத் தண்ணீரோடு சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

காலையில் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். யாராவது 'போகாதே' என்பார்கள் என்று செருப்பை மெதுவாகத்தான் போட்டேன். அண்ணன் வந்தான். "சாப்ட்டுட்டுப் போயேன் வடிவு" என்றான். சாப்பிட்டுவிட்டுப் போ! போகாதே இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போ!

இந்தாருங்கள், பேச்சோடு பேச்சாக உங்கள் மூக்கை மறந்துவிட்டேன். இதுதான் நான் சொன்ன வல்லாரைக் கிரீம். இப்படித் திரும்புங்கள், ஒரு பொட்டுத்தான்... ஏன் முகத்தைப் பின்னால் இழுக்கிறீர்கள்? கடித்துவிடவா போகிறேன்?

சரி. சரி அம்மா. வேண்டாம் என்றால் வேண்டாம். விரலில் எடுத்துவிட்டேன், என் கையிலேயே தடவிக்கொள்கிறேன்.

போன் அடிக்கிறது. அண்ணனாகத்தான் இருக்கும், பாவூர்ச்சத்திரத்தில் இருந்தே அடித்துக்கொண்டிருக்கிறான். அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

லோசி.

ஒரு நிமிஷம்.

சொல்லு... ம்... எரியுதா? எரியாம? துணி சோப்பு போட்டா சந்தனமாவா இருக்கும்? பார்த்தீர்களா அம்மா, எரிகிறதாம்! நான் சொல்லவில்லை? ...உன்கிட்ட இல்லட்டி, பஸ்ஸுல பக்கத்துல இருக்காவ. சும்மா பச்சைத் தண்ணிய ஒத்து. மஞ்சள், பாலு, கற்றாழைன்னு எவ எதைக் கொண்டாந்தாலும் விடாத. அந்த... ம்? ...நான் எதுக்கு? உன் அம்மை இருக்கா, சுமங்கலியள் இருக்காவ, எலை எண்ணதுக்கு மட்டும்தான ஆளில்ல... என்ன? ...என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.

...ம்.

வைக்கேன்.

முகத்துக்குக் கிரீமை நான் வந்து போட வேண்டுமாம். நாளைக்கு மணையில் உட்காருவதற்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது, கூடத்தில் வைத்து நான்தான் போட வேண்டுமாம். அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். மதினி என்ன சொன்னாளாம் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லையாம். மதினி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. என்னிடம் நிபந்தனை! டப்பாவில் என்னென்ன எழுதியிருக்கிறதோ அத்தனையையும் முதலில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். அதற்குப் பிறகு போடலாமா வேண்டாமா என்று அவள் சொல்வாளாம். கொழுப்பைப் பார்த்தீர்களா? இந்தக் கையால் தட்டி ஆற்றின முகம்!

கண்டக்டர், ஆலங்குளத்தில் ஒரு ஆள் இறங்கணும்! ...டிக்கெட் திருநெல்வேலிக்குத்தான், இருக்கட்டும், இறக்கிவிடுங்கள்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கோபத்தோடுதான் போகிறேன். பந்தியில் எவளாவது இலை என்று வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு உதவி செய்வீர்களா? இந்தக் குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கம் கொரியா எழுத்து, அது எனக்கு எங்கே வாசிக்க வரும்? பார்க் மேடம் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன். பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்கலாம் என்றால் கண்ணாடியை அண்ணன் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் வாசியுங்களேன். மெதுவாக. ஒன்றையும் விடாமல்.

தண்ணீர்... ம்... வல்லாரைச் சாறு, அதுதான் சொன்னேனே... அது ஏதோ மருந்து, பெயரை அப்படியே காகிதத்தில் எழுதித் தருகிறீர்களா?... என்ன? தேன்மெழுகா? நன்றாகப் பாருங்கள். தேனீயுடையதா?

அட.

வெறும் வல்லாரை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். சைவம் என்று சத்தியமே செய்திருப்பேன்.

சரி, எழுதுங்கள். அதையும் எழுதுங்கள். வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் பச்சைத் தண்ணீரை ஒற்றிக்கொண்டு உட்காரட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆலங்குளம் வந்துவிட்டது. வருகிறேன் அம்மா. இந்தத் துண்டு... ஏறின உடனே நான் பாட்டுக்குச் செருகிவிட்டேன். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்களோ என்னவோ. எடுத்துவிடட்டுமா, இருக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.